யாப்பைக் கணக்குப் பாடமாக்கியது யார்?

மரபா புதுக்கவிதையா என்ற சண்டை மறுபடி டைம்லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாப்பு, அதாவது செய்யுளின் ஓசை இலக்கணம், ஒரு விலங்கு, அதை உடைத்த பிறகுதான் கவிதைக்கு மூச்சு வந்தது என்கிறது ஒரு கோஷ்டி. யாப்பு தெரியாதவன் எழுதுவதெல்லாம் மடக்கிப் போட்ட உரைநடை என்கிறது இன்னொன்று. இரண்டு பேருமே யாப்பைக் காதால் கேட்காமல் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் அது வந்து சேர்ந்த விதம் அப்படி. எழுத்து, அசை (எழுத்துகள் சேர்ந்த ஒலித்துண்டு), சீர் (அசைகளால் ஆனது), தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம்), அடி, தொடை (மோனை, எதுகை போன்றவை) என்று ஆறு உறுப்பை ஒப்பித்து, அலகிட்டு (சீரை அசைகளாகப் பிரித்து) வாய்பாடு (தேமா, புளிமா போன்ற பெயர்) எழுதினால் மதிப்பெண். வெண்பாவுக்குச் செப்பலோசை (பேசுவது போன்ற ஓசை) என்று விடைத்தாளில் எழுதியவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்போம்?

குறளும் வெண்பாதான், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக.' வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கற்/க' இரண்டும் நேரசை (தனிக் குறிலோ நெடிலோ, மெய் சேர்ந்தும் வரலாம்), வாய்பாடு தேமா. இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீர் மாச்சீர், அது முடிந்தால் அடுத்தது நிரையில் (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்த அசை) தொடங்க வேண்டும், 'கச' என்று இரண்டு குறில் சேர்ந்து வந்து நிற்கிறது. 'கசடற' நிரையில் முடியும் விளச்சீர், அதற்குப் பின் நேர் வர வேண்டும், 'கற்' வருகிறது. கடைசி வரை இப்படியே போகிறது. விதியாகப் படித்தால் எரிச்சலூட்டும் சமாசாரம்தான், ஆனால் சொல்லிப் பார்த்தால் காரணம் பிடிபடும்: ஒரு சீர் முடிந்த அசையிலேயே அடுத்த சீர் தொடங்காததால் ஒரே அடியாகத் தட்டிக்கொண்டு போகாமல் பேச்சுக்குரிய ஏற்ற இறக்கம் தானாக வந்துவிடுகிறது. முதல் அடியில் நாலு சீரும் ககரத்தில் தொடங்கும் முற்றுமோனை, கற்க-நிற்க எதுகை, அதெல்லாம் இருக்கட்டும், அந்தக் கடைசி 'தக'வைப் பாருங்கள். இரண்டாம் அடிக்கு மூன்றே சீர், அதிலும் கடைசிச் சீர் ஒரே ஒரு நிரையசை. இன்னொரு சீர் வரும் என்று காத்திருக்கும் காதைச் சட்டென்று நிறுத்திவிடுகிறது. படித்தபடி நட என்று கட்டளை போட இதைவிடப் பொருத்தமான நிறுத்தம் எது?

அகவல் என்றும் சொல்லப்படும் ஆசிரியப்பாவில் இவ்வளவு கெடுபிடி இல்லை, அதனால்தான் சிலப்பதிகாரம் மாதிரி நீளமாகக் கதை சொல்ல அகவல் தோதாக இருந்தது. கம்பர் விருத்தம் என்ற பாவினத்துக்குப் போனார், இடத்துக்கு இடம் சந்தத்தை மாற்றிக்கொண்டார். மற்ற பாவகைகளான கலிப்பாவும் வஞ்சிப்பாவும் இன்று எழுதுவார் அரிது, விட்டுவிடலாம்.

சரி, புதுக்கவிதை. பாரதியின் வசன கவிதை, பிறகு ந. பிச்சமூர்த்தி, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் என்று வந்த வழியில் சீரும் தளையும் கழன்றன, அடி மட்டும் கழலவில்லை. எங்கே முறிக்கிறோம் என்பதுதான் அங்கே மிச்சமிருக்கும் யாப்பு. தமிழில் வினையும் எதிர்மறையும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 'எல்லாரும் போன பிறகு விளக்கை அணைக்க' என்று ஓர் அடியை முடித்து, 'மனமில்லை' என்று அடுத்த அடியைத் தொடங்கினால், நடுவில் ஒரு நொடி விளக்கு அணையப் போகிறது, பிறகு அணையாமல் நிற்கிறது. 'எல்லாரும் போன / பிறகு விளக்கை / அணைக்க மனமில்லை' என்று அதே வாக்கியத்தை மூன்றாக நறுக்கினால் ஒன்றும் நடக்காது. முகநூலில் நான் பார்ப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை, எண்டர் தட்டிய இடமெல்லாம் அடி.

(ஹைக்கூவும் இதே கதைதான். மூன்று வரி இருந்தால் போதும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஜப்பானியத்தில் 5-7-5 என்ற ஒலிக்கணக்கோடு பருவத்தைக் குறிக்கும் சொல்லும் வெட்டி நிறுத்தும் சொல்லும் மரபாக உண்டு. கணக்கை விட்டாலும் அந்த வெட்டையாவது வைத்துக்கொள்ளலாம்.)

அதற்காக மரபுக்காரர்கள் துள்ள வேண்டாம். தளை தட்டாத (தளை விதி பிசகாத), ஆனால் உயிரில்லாத வெண்பாக்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. சீர் நிரப்ப ஒரு 'தான்', எதுகைக்காக எங்கிருந்தோ இழுத்து வந்த ஓர் அகராதிச் சொல், ஈற்றடியில் ஒரு 'காண்'. வெண்பாவைச் சரிபார்க்கக் கருவியே வந்துவிட்ட காலத்தில் பிழையில்லை என்பதை இன்னும் எத்தனை நாள் பாராட்டிக்கொண்டிருப்பது?

அலகிடத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் எழுதியதை முதலில் சத்தமாகப் படியுங்கள், நாக்கு இடறும் இடத்தில் மட்டும் பிரித்துப் பாருங்கள். தளை தட்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.