நாய் குறுக்கே வரவில்லை

வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு போட்டோ போட்டாலும் போட்டேன், மூன்று நாளாக போன் ஓயவில்லை. கேட்டவர்கள் எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன், "நாய் குறுக்க வந்துட்டு". ஆபீஸில் அதுதான், பால்காரரிடம் அதுதான், சென்னையில் இருந்து கூப்பிட்ட அத்தானிடமும் அதுதான். இப்போது ஒரு கையால் மெனக்கெட்டு இதை டைப் செய்வது எதற்கென்றால், எந்த நாயும் குறுக்கே வரவில்லை. எனக்கு மட்டும் இல்லை, நம் ஊரில் சைக்கிளில் இருந்து விழுந்தவர்கள் சொல்கிற நாய்களில் முக்கால்வாசி இன்னும் பிறக்கவே இல்லை என்பது என் பலத்த சந்தேகம்.

எங்கள் வீட்டுக்குள் இந்த நாய் முதலில் வந்தது சித்தப்பா மூலமாக. நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி டவுனுக்குப் போன மனுஷர் முழங்கால், முழங்கை, தாடை என்று மூன்று இடத்தில் தோல் உரிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சந்திப்பிள்ளையார் முக்கில் நாய் குறுக்கே பாய்ந்துவிட்டதாம். ஆச்சி காயத்தில் காப்பிப் பொடியை அப்பினாள், நாயை ஒரு பாட்டம் வைதாள், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் முற்றத்தில் நின்ற சைக்கிளின் முன் சக்கரத்தில் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, டயரில் ஏறி, கம்பி கம்பியாகப் பிரிந்து, ஃபோர்க் வரைக்கும் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆச்சி கிட்டப் போய்க் குனிந்து ஒரு கம்பியை விரலால் தடவி முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கேட்டாள், "ஏல, அந்த நாய் அல்வா தின்னுட்டா வந்துச்சு?"

அரைக் கிலோ அல்வாவை மஞ்சப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறார். முக்கில் திரும்பும்போது பை உள்பக்கம் ஆடி, ஃபோர்க்குக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. சக்கரம் நின்றால் சைக்கிள் நிற்கும், ஆள் நிற்க மாட்டான். சித்தப்பா கடைசி வரைக்கும் நாயை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். லாரி அடித்தவர்களையோ, ராத்திரியில் வெளிச்சம் இல்லாத குழியில் விழுந்தவர்களையோ நான் சொல்லவில்லை, அது சிரிக்கிற விஷயமே இல்லை. நாமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிற அடி இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். அதில் ஒரு ஒற்றுமை உண்டு. புதிதாகப் பழகுகிறவன் ஹேண்டில்பாரைக் கழுத்தை நெரிப்பது மாதிரிப் பிடித்திருப்பான், விழுந்தாலும் பைய விழுவான், சாரத்தில் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். எல்லாம் பழகிவிட்டது என்று ஒரு கையை எடுக்கிறான் பாருங்கள், அங்கேதான் வினை.

ஆனி ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள், அங்கே காற்றாலையை ஏன் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து வருகிற காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் நாம் ஓரத்தில் இருந்து நடு ரோட்டுக்குப் போயிருப்போம். அந்த ரோட்டில் ஒரு கையால் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டு போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிறிஸ் ஃபுரூம் என்று ஒருவர், டூர் டி பிரான்ஸ் என்கிற பெரிய சைக்கிள் பந்தயத்தை நான்கு தடவை ஜெயித்தவர். 2019 ஜூனில் பிரான்ஸில் ஒரு பந்தயத்துக்கு முன்னால் பாதையைப் பார்த்து வைப்பதற்காக ஓட்டிக்கொண்டிருந்தார், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம். மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் காற்று முன் சக்கரத்தைத் தட்டிவிட, போய்ச் சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா என்று முறிந்து, அதற்குப் பிறகு அவர் அந்த டூரை ஜெயிக்கவே இல்லை. மூக்குச் சிந்தப் போய்! ஆனால் அவர் ஒன்று செய்தார், நாய் வந்தது என்று சொல்லவில்லை.

சரி, கையை எடுத்தால் காற்று மட்டுமா பிரச்சினை? சாரல் காலத்தில் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் குடை பிடித்துக்கொண்டு சைக்கிளில் போவது ஒரு கலை, பெரியவர்கள் ரொம்ப அலட்சியமாகச் செய்வார்கள். பெரும்பாலும் குடை இடது கையில் இருக்கும். நம் ஊர் சைக்கிளில் இடது பிரேக் பின் சக்கரத்துக்கு, வலது பிரேக் முன் சக்கரத்துக்கு. ஆக, அவசரத்துக்குப் பிடிக்க மிச்சம் இருப்பது முன் பிரேக் மட்டும்தான். அதை வெடுக்கென்று பிடித்தால் உடம்பு பாரம் மொத்தமும் முன்னால் போய், பின் சக்கரம் தூக்கி, ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவான். இப்போது குடைக்குப் பதில் போன். பிள்ளைகள் இடது கையில் போனை வைத்து மெசேஜ் பார்த்துக்கொண்டே போகிறார்கள், கணக்கு ஒன்றுதான்.

களக்காட்டில் என் சேக்காளி ஒருத்தன் செய்தது இன்னும் விசேஷம். அவன் ஹேண்டில்பாரில் வேகம் காட்டுகிற கருவியை மாட்டியிருக்கிறான், ரோட்டைப் பார்ப்பதை விட அதைத்தான் அதிகம் பார்ப்பான். 34, 35 என்று எண் ஏறுகிற சந்தோஷத்தில் தலையைக் குனிந்து மிதித்துப் போய், ஓரத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்ற மினி லாரியின் பின்பக்கம் இடித்தான். நின்ற லாரி! நெற்றியில் ஆறு தையல், காரை எலும்பில் முறிவு. தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்தான் தூக்கிவிட்டாராம், தூக்கும்போது கேட்டாராம், "ஏன் தம்பி, இவ்வளவு பெரிய வண்டி தெரியலையா?" அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் படித்தேன், 2019 டூரை ஜெயித்த எகன் பெர்னால் 2022 ஜனவரியில் கொலம்பியாவில் பயிற்சியின்போது தலையைக் குனிந்து வேகமாகப் போய் நின்ற பஸ்ஸின் பின்னால் மோதி, முதுகெலும்பும் தொடை எலும்பும் முறிந்து உயிர் தப்பினதே பெரிதாகிவிட்டது. அதில் இருந்து சேக்காளி தன்னை அந்த வரிசையில் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டான், தாங்க முடியவில்லை.

குலவணிகர்புரம் ரயில்வே கேட் பற்றித் தனிப் பதிவே போடலாம். மூடின கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்து, கேரியர் மாட்டி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றவர்கள் உண்டு. திறந்த பிறகு, தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்து இடுக்கில் டயரைக் கொடுத்து விழுகிறவர்கள் தனி. நேராகக் கடந்தால் சக்கரம் ஏறி இறங்கிவிடும், ஆனால் நேராகக் கடக்க இரண்டு வினாடி அதிகம் ஆகுமே. பிசான நெல் அறுப்பு நேரத்தில் ரோட்டில் வைக்கோல் கிடக்கும், நெல் காயும். அதில் வழுக்கி விழுந்துவிட்டு விவசாயியை வைகிறோம். நூறு மீட்டர் தூரத்தில் இருந்தே மஞ்சளாகத் தெரிகிற நெல், ஓடி வந்தா சக்கரத்துக்கு அடியில் விழுந்தது?

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. பிள்ளையைப் பின்னால் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப் போவது. எங்கள் அக்கா மகனுக்கு அப்போது ஐந்து வயசு. தூக்கக் கலக்கத்தில் காலை உள்ளே விட்டுவிட்டான், குதிகால் கம்பிக்குள் போய்விட்டது. ஓட்டியது நான்தான். அவன் கத்தினதும் பயத்தில் பின்னால் உருட்டி எடுக்கப் பார்த்தேன், அது இன்னும் மோசமாகிவிட்டது. முதல் நாள் பார்க்க வெறும் சிராய்ப்பு மாதிரி இருந்தது, நாலைந்து நாளில் தோல் கறுத்துச் செத்துப்போனது. நசுங்கின காயம் அப்படித்தான், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று முதலில் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அந்த சைக்கிள் வாங்கும்போது பின் சக்கரத்துக்கு வலை வைத்துத்தான் கொடுத்தார்கள், சேலை சிக்காமல் இருப்பதற்கு வைப்பது. பொம்பளை சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் பரணில் போட்டவனும் நான்தான். அக்காவிடம் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? நாய் வந்து நான் திடீரென்று திருப்பினதில் பிள்ளை கால் உள்ளே போய்விட்டது என்று. இருபது வருஷம் ஆகிறது. அக்கா, இதை நீ படித்தால், அன்றைக்கும் நாய் வரவில்லை.

சரி, என் மாவுக்கட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு ஆறுதல்: ஜிரோ டி இத்தாலியா என்று இத்தாலியில் பல நாள், நாளுக்கு ஒரு கட்டமாக நடக்கிற சைக்கிள் பந்தயம், 2022-இல் அதன் பத்தாவது கட்டத்தை எரித்ரியாவின் பினியம் கிர்மாய் ஜெயித்தார், இந்த மாதிரிப் பெரிய பந்தயத்தில் ஒரு கட்டத்தை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். மேடையில் பாட்டிலைத் திறக்கும்போது மூடி தெறித்து அவர் கண்ணிலேயே அடித்து, மறுநாள் ஓட்ட முடியாமல் வெளியேறினார். அவர் சைக்கிளில் இருந்து இறங்கிவிட்டார், நான் இறங்கக்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் இருந்து பாபநாசத்துக்கு நாங்கள் ஆறு பேர். புதிதாக க்ளீட் ஷூ வாங்கியிருந்தேன். ஷூவுக்கு அடியில் ஒரு கொக்கி, அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும், கழற்ற வேண்டும் என்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பத்தமடையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். இடது காலைக் கழற்றி ஊன்றினேன், அது வரைக்கும் பிரமாதம். வலது பக்கம் வந்து நின்றவரிடம் திரும்பி, "என்னவே, இப்பத்தான் வாரீரா?" என்று கேட்டேன், முந்தி வந்த பெருமை. திரும்பினதில் பாரம் வலது பக்கம் போய்விட்டது. வலது கால் பெடலோடு பூட்டிக் கிடக்கிறது. வெட்டின வாழை மாதிரி, வேகமே இல்லாமல், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சைக்கிளோடு சாய்ந்தேன். கையை ஊன்றினதில் மணிக்கட்டு போனது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம், அதில் விரிசல் இருந்தால் முதல் எக்ஸ்ரேயில் சில நேரம் தெரியாதாம், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டுமாம். அது வரைக்கும் இந்தக் கட்டு.

தரையில் கிடந்தபடியே காலைக் கழற்றத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன், டீ மாஸ்டர்தான் கல்லாவை விட்டு வந்து குனிந்து ஷூவைத் திருப்பிப் பார்த்தார், "இது என்ன அண்ணாச்சி, விலங்கா?" என்றார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், நாய் ஒன்று இருந்தது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. நான் விழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது, ஒரு கொட்டாவி விட்டது, மூக்கை வாலுக்குள் வைத்து மறுபடியும் படுத்துக்கொண்டது.