பினாங்குச் சோறு திருட்டுச் சோறு அல்ல

பினாங்குச் சோற்றைத் திருட்டுச் சோறு என்று சொல்லும் அந்த வீடியோவை அனுப்பி "பாத்தீங்களா?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பார்த்தேன். கீழே வந்த கருத்துகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மலேசியாவிலிருந்து திரும்பி வந்து, நம் சேலத்தில் சின்னதாக ஒரு கடை போட்டு, நாசி கண்டாரும் (பல குழம்பு ஊற்றித் தரும் பினாங்குச் சோறு) மீ கோரிங்கும் (வறுத்த நூடுல்ஸ்) விற்கிற அந்த அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் கடைக்குப் போய், ஒரு தட்டு வாங்கி, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து வீடியோ போட்ட தம்பி சொல்கிறார்: "இது நம்ம கொழம்புச் சோறுங்க. நம்மகிட்ட இருந்து திருடிட்டுப் போயி, வேற பேரு வெச்சு, நம்மகிட்டயே விக்கறாங்க." அக்கா பின்னால் கரண்டியோடு நிற்பது வீடியோவில் நன்றாகத் தெரிகிறது. அவர் முகம் மாறுவதும் தெரிகிறது. அதை வெட்டி எடுக்கக்கூட அந்தத் தம்பிக்கு மனம் வரவில்லை.

குழம்புச் சோறு என்றதில் எனக்கு வருத்தமே இல்லை. குழம்புச் சோறுதான். சுடுசோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி சேர்த்து ஊற்றி, ஒரு துண்டு மீனோ கணவாயோ, வெண்டைக்காயோ, அவித்த முட்டையோ வைத்துத் தருவார்கள். திருட்டு என்று சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. யார் யாரிடமிருந்து திருடினார்கள்?

மலேசியாவின் பினாங்குத் தீவுத் துறைமுகத்தில் அந்தச் சோற்றை விற்க ஆரம்பித்தவர்கள் தமிழர்கள். தமிழ் முஸ்லிம்கள். ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள். தோளில் காவடித் தண்டு, ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். காலையில் கப்பல் மூட்டை தூக்கப் போகிறவர்களுக்கு, நின்ற இடத்திலேயே சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். மூட்டை தூக்கியவர்களில் தமிழரும் உண்டு, சீனரும் உண்டு. தெம்பாக இரண்டு மூட்டை அதிகம் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சாப்பாட்டின் நோக்கம். தமிழன் போய், தமிழன் சமைத்து, எல்லோருக்கும் போட்ட சோறு அது. அதைத் திருட்டு என்றால் திருடன் என்று யாரைச் சொல்கிறோம்? நம் ஆட்களைத்தான் சொல்கிறோம்.

1786இல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் ஆங்கிலேயக் கம்பெனிக்காகக் கொடி ஏற்றினார். அதற்கு முன்பே எதிர்க்கரையில் கெடாவில் நம் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், சூலியா என்று அழைக்கப்பட்ட அவர்கள் பெயரில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833. இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயிலும் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த நகரைச் சேர்த்ததற்கு இப்படி எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்ததும் ஒரு காரணம். நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் ஒரு வீட்டு அடுப்பு வாசம் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்குமா?

மீ கோரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நூடுல்ஸ் சீனர்களுடையது. அதில் போடுகிற சோயாக்கட்டியும் அவர்களுடையதே. மிளகாய் அரைத்து, உருளைக்கிழங்கு போட்டு, இரும்புச் சட்டியில் தீ பறக்கப் புரட்டுவது தமிழ் முஸ்லிம் கடைக்காரர், அங்கே எல்லோருக்கும் அவர் "மாமாக்". சம்பல் என்கிற மிளகாய் விழுது மலாய்க்காரர்களுடையது. இப்போது ஒரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எந்த வாய் யாருடையது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் சாறில் நம் பங்கு ஒன்றும் பெரிதாக இல்லை. மீனை வேக வைத்து உதிர்த்து, புளிப்புச் சாறில் தடித்த அரிசிச் சேமியாவைப் போட்டு, புதினாவும் இஞ்சிப்பூவும் தூவித் தருவார்கள். ஆனால் புளிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அதை உடனே ஏற்றுக்கொள்ளும். தமிழ் முஸ்லிம் ஆண்கள் மலாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு உருவான குடும்பங்களை ஜாவி பெரனாக்கான் என்பார்கள். அந்த வீடுகளில் எந்தக் குழம்பு அப்பா வழி, எது அம்மா வழி என்று பாகப்பிரிவினை செய்ய யாரால் முடியும்?

சொந்தக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இது வெறும் வரலாறு இல்லை.

எங்கள் தாத்தா ஆத்தூர்ப் பக்கம். சிறு பையனாக இருக்கும்போதே 1930களில் அவருடைய அப்பாவோடு கங்காணி பின்னால் மலாயாவுக்குப் போனவர். அப்போது கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காட்டோடு நம் சேலமும் ஒன்று. முதலில் ரப்பர் எஸ்டேட், பிறகு பினாங்குத் துறைமுகத்தில் கூலி வேலை. எங்கள் அப்பா எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் பிறந்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று வந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். எங்கள் குடும்பமும் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியது.

வந்த ஊர் எங்களை எப்படி வரவேற்றது தெரியுமா? "மலாயாக்காரங்க வீடு". அப்பாவைப் பெற்ற அப்பாயிக்குப் "பினாங்குக்காரி". அப்பாயி சம்பல் அரைக்கும் நாளில் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அதில் போடும் பெலாச்சான் என்கிற இறால் விழுது இங்கே எங்கே கிடைக்கும்? சந்தையில் கருவாட்டுக்காரரிடம் சென்னாக்கூனி (பொடி இறால்) வாங்கி, வறுத்து, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அம்மியில் அரைப்பார். அது பெலாச்சான் ஆகாது. ஆனாலும் அதைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடும்போது தாத்தா யாரோடும் பேச மாட்டார். "அங்க இருந்தப்ப 'நீ இந்தியாக்காரன், உன் ஊருக்குப் போ'ன்னாங்க. இங்க வந்தா 'நீ மலாயாக்காரி'ங்கறாங்க. நான் எந்த ஊருக்காரி கண்ணு?" என்று அப்பாயி என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அந்த வீடியோவில் கரண்டியோடு நின்ற அக்காவின் முகத்தில் நான் பார்த்தது அதே கேள்வியைத்தான்.

இனி கருத்துப் பெட்டியில் வரப்போகும் கேள்விகள். எனக்குத் தெரியும், வரும்.

"சும்மா ஜாலிக்குப் போட்டதுங்க, இதப் போயி..." சிரித்தது நீங்கள். உடைந்தது ஒருவருடைய பிழைப்பு. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"அவங்களும்தான எங்களுதுன்னு சொல்றாங்க?" ஆமாம், சொல்கிறார்கள். 2009இல் மலேசியச் சுற்றுலா அமைச்சரே லக்சா, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) எல்லாம் எங்களுடையவை, மற்றவர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று பேசி, சிங்கப்பூர்க்காரர்கள் கொதித்தார்கள். சிங்கப்பூர் தன் தெருக்கடை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கக் கேட்கப் போவதாக 2018இல் அறிவித்தபோது மலேசியர்கள் கொதித்தார்கள். அதுவும் தப்புதான். அவர்கள் செய்கிற தப்பை நாமும் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"மலேசியாவுல தமிழனுக்கு என்ன மரியாதை இருக்கு? நீங்க ஏன் வக்காலத்து வாங்கறீங்க?" இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கிறது. மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்தும் குடியுரிமைக் காகிதம் இல்லாமல் திரும்பி வந்த வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கேட்கிறீர்கள். எங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் சொல்கிறேன். அந்த மரியாதை கிடைக்காத மனிதர்கள் தங்கள் கையால் உண்டாக்கியது அந்தச் சாப்பாடு. அந்த நகரத்தில் தமிழர் வாழ்ந்ததற்கு, உழைத்ததற்கு, மற்றவர்கள் அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டதற்குச் சாட்சியாக இருப்பது அந்தச் சாப்பாடு. தைப்பூசத்தன்று அங்கே சீனர்களும் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த உறவை அரசாங்கம் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். திருட்டு என்று ஒரே வார்த்தையில் நீங்கள் குப்பையில் போடுவது எங்கள் ஆட்களின் உழைப்பை. மலேசிய அரசாங்கத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

இன்னொருவர் எழுதியிருந்தார், "துலுக்கன் கடைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு பேச்சா" என்று. அவரை நீக்கிவிட்டேன்.

சரி, நம்மிடம் இருப்பதெல்லாம் நம் மண்ணிலேயே முளைத்ததா? ஏற்காட்டுக் காப்பி என்று பெருமையாகப் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறோமே, அங்கே காப்பியையும் பேரிக்காயையும் 1820களில் கொண்டு வந்து நட்டது காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர். அதைக்கூட விடுங்கள். ஜவ்வரிசிக்கு வருவோம்.

சேலம் என்றாலே சேகோ, அதாவது ஜவ்வரிசி. 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு எல்லோரும் பட்டாசு வெடிக்காத குறையாகப் பதிவு போட்டோம், நானும் போட்டேன், சந்தோஷம்தான். ஆனால் அது எப்படி நம் ஊருக்கு வந்தது? இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த சரக்கு. யுத்தத்தில் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலை இங்கே தொடங்கினார். அதற்குச் செய்முறை தெரிந்த ஒருவர் அவரோடு சேர்ந்தார். அவர் பெயர் போபட்லால் ஷா. அவர் எங்கிருந்து வந்தவர்? பினாங்கிலிருந்து!

இன்னொரு முறை சொல்கிறேன். பினாங்கிலிருந்து. கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது, தொழில் பினாங்கு வழியாக வந்தது, வெயிலில் காய வைத்த கை ஆத்தூர், சேலம், நாமக்கல் பெண்களுடையது, விரதத்துக்குக் கிச்சடி செய்து சாப்பிடுவது மகாராஷ்டிரமும் குஜராத்தும். இதில் யார் யாரிடம் திருடினார்கள்? நாளைக்குப் பினாங்கில் ஒரு பையன் சேலத்து ஜவ்வரிசிப் பொட்டலத்தைக் காட்டி "நம்மகிட்ட திருடினது" என்று வீடியோ போட்டால் நம்மால் பொறுக்க முடியுமா?

அப்பாயி ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேக வைத்து, கிண்ணத்தில் ஊற்றி ஆற விட்டு, கெட்டித் தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும் ஊற்றித் தருவார். மலாக்கா, பினாங்குப் பக்கம் நோன்யா (சீன-மலாய்க் கலப்பு) வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் செய்கிற பண்டம் அது. அவர் அதைச் செய்தது நம் ஊர் மில் ஜவ்வரிசியில். தெருவே கிழங்குத் திப்பி (மாவு எடுத்த சக்கை) வாசம் அடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சாப்பிட்டோம். எங்களுக்கு அது மலாயாப் பண்டமா, சேலத்துப் பண்டமா என்ற சந்தேகமே வந்ததில்லை. அப்பாயி செய்தது, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனசில் ஓடுகிறது. இன்று நம் ஊரில் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துக்கொண்டு, ராத்திரி மண்ணெண்ணெய் அடுப்பில் ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் ஆட்கள் அவர்களைக் கூப்பிடும் விதத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பினாங்கில் கூலிகள் தங்கிய லயத்தில் எங்கள் தாத்தாவும் இப்படித்தான் படுத்துக் கிடந்திருப்பார். அவரையும் அங்கே யாரோ இதே போல ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் நாளைக்கு இங்கேயே ஒரு தள்ளுவண்டி போட்டு, நம் மிளகாய்த்தூளைச் சேர்த்து, தட்டுவடை செட்டுப் பக்கத்தில் ஏதோ ஒன்றை விற்பான். நம் பேரப்பிள்ளைகள் அதைச் சேலத்துச் சாப்பாடு என்று சொல்லி வளரும். வளரட்டும்.

வீடியோ போட்ட தம்பிக்கு: அந்த அக்காவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். கேமரா வேண்டாம். அவருடைய வீட்டார் எந்த எஸ்டேட்டில் இருந்தார்கள், இந்தக் கைப்பக்குவம் யாரிடமிருந்து வந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் மலாயா, பர்மா, இலங்கை போய்த் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் என்ன சமைத்தார்கள், இங்கே கிடைக்காததற்குப் பதிலாக எதைப் போட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். பெரியவர்கள் இன்னும் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். திருட்டு, நம்மளுது, அவங்களுது என்று எழுத வருபவர்களுக்கு இன்று என் பக்கத்தில் இடமில்லை.