என்ன வேலை பார்த்தீங்க என்று யாரும் கேட்கவில்லை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் பொழுது விடிவது அம்மாவின் இருமலோடுதான். ஐந்தரைக்கு எழுந்து, பின்பக்கம் குழாயடியில் நின்று, நெஞ்சில் கட்டிய சளி வெளியே வரும்வரை இருமுவார். அதற்கப்புறம்தான் கோப்பி.

அம்மாவுக்கு 68 வயது. பீடியோ சிகரெட்டோ கையால் தொட்டதில்லை. ஆனால் 1975 முதல் 1997 வரை, 22 வருடம், தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ரப்பர் கட்டையை எரித்து, 60 டிகிரி சூட்டில் மூன்று நான்கு நாள் புகை போடுவார்கள். ஈர ஷீட்டைக் கழியில் மாட்டி உள்ளே கொண்டு போவதும், காய்ந்ததை இறக்கி வருவதும் அம்மாவின் வேலை. முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் தலைமுடியில் அந்தப் புகை வாடை இருக்கும். எனக்குச் சின்ன வயதில் அதுதான் அம்மா வாசம்.

எத்தனையோ வருடம் ஒரே கிளினிக்குக்குப் போனோம். “சிகரெட் பிடிப்பீங்களா?” “இல்லைங்க டாக்டர்.” பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தூக்கம் வரும் இருமல் மருந்து ஒரு போத்தல் கையில் வரும். போன வருடம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்த இளம் டாக்டர் பிள்ளைதான் முதன்முதலாக, “அம்மா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டது. குழாயில் ஊத வைத்துச் சோதனை செய்தார்கள். நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, நுரையீரல் அடைப்பும் சேர்ந்திருக்கிறது என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் கிண்ணம் போன்ற உயிரணுக்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பெயர் கோப்லெட் செல். அதன் வயிற்றுக்குள் மியூசின் என்ற பொருளைக் காய்ந்த உருண்டைகளாக மடித்து அடைத்து வைத்திருக்கும். தூசியோ புகையோ பட்டால் அதை வெளியே தள்ளும். தள்ளியவுடன் அது தண்ணீரை உறிஞ்சிப் பல நூறு மடங்கு ஊதிவிடும். பாண்டுங் தண்ணீரில் சப்ஜா விதை ஊதுமே, அதைவிடப் பல மடங்கு வேகம். இப்படி வருவதுதான் சளி. நல்ல சளியில் நூற்றுக்கு 97 பங்கு வெறும் தண்ணீர்தான். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து உயிரணுக்களின் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் துடித்து அதைத் தொண்டை வரை ஏற்றிவிடும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம். சளி நமக்கு எதிரி இல்லை. காவலுக்கு நிற்கும் வேலைக்காரன் அது.

புகை நாள் தவறாமல் வந்தால் என்ன ஆகும்? கட்டைப் புகையிலும் சிகரெட் புகையிலும் அக்ரோலின் என்ற ஒன்று உண்டு. சட்டியில் எண்ணெய் கருகினால் கண்ணைக் கரிக்குமே, அதிலும் இருப்பது இதுதான். அது உயிரணுவைத் தட்டித் தட்டி இன்னும் மியூசின் செய் என்று ஏவுகிறது. கிண்ண உயிரணுக்கள் பெருகும். வழக்கமாக அவை அதிகம் இல்லாத சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்க் கிளைகளிலும் முளைக்கும். சுவருக்குள் இருக்கும் சளிச் சுரப்பிகள் வீங்கும். அதே புகை நுண்மயிர்களையும் கெடுத்துவிடும். சரக்கு குவிகிறது, ஏற்றிவிட ஆள் இல்லை. அம்மாவின் விடியற்காலை இருமல் அந்த ஆள் இல்லாத வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

லின் ரீட் என்ற ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர் 1960-லேயே இதை அளந்து காட்டிவிட்டார். மூச்சுக்குழாய்ச் சுவரின் தடிமனில் சளிச் சுரப்பி எவ்வளவு பங்கு என்று பார்த்தார். ஆரோக்கியமானவர்களுக்கு அது பத்தில் நான்கு பங்குக்குள் நிற்கும். நாட்பட்ட சளிக்காரர்களுக்கு அதைத் தாண்டிவிடும். அம்மா கொட்டகைக்குள் முதல் நாள் காலடி வைப்பதற்கு 15 வருடம் முன்பே இது தெரிந்த விஷயம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்த போத்தல் மருந்துக்கு வருகிறேன். தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் மாதிரி மருந்துகள் நரம்பு வழியாகச் சுரப்பியின் ஈரத்தைக் குறைக்கும். கிண்ண உயிரணுக்களோ பெரும்பாலும் அந்த நரம்பின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. சளி கெட்டியாகி வெளியே வர அடம் பிடிக்கலாம். அதோடு இருமலையும் அடக்கும் மருந்து சேர்ந்தால், நெஞ்சில் சளி தேங்கியிருப்பவருக்கு ஏற்றிவிடும் கடைசி வழியும் அடைபடுகிறது. ஒவ்வாமைக்கோ வறட்டு இருமலுக்கோ டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு. அம்மாவுக்கு அது கொடுக்கக்கூடாத மருந்து என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டி லயத்துக்குப் பின்னால் ஆடாதோடை வைத்திருந்தார். இலையைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொடுப்பார். அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை வந்தது. அதன் தொடர்ச்சிதான் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் அம்ப்ராக்சால். படித்தபோது பாட்டியை நினைத்துக் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்: இவை சளியை இளக்கும், கொஞ்சம் சுலபமாக வெளியே வரவைக்கும். உயிரணுவை ஏவிவிட்ட புகையை இவை தொடுவதில்லை.

வாய்வழியே மருந்தை இழுக்கும் பம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. “பம்ப் அடிச்சா பழகிப்போயிடும்” என்று நம் தாமானில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமை அழற்சிதான் கிண்ண உயிரணுக்களைப் பெருக்குகிறது. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு பம்ப் அந்த அழற்சியை அடக்குகிறது. மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் நீல பம்ப் குழாயை விரிக்கும், அந்த அழற்சியை அடக்காது. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் சிகரெட் பிடிக்கத் தடை. நம் அண்ணன்மார்கள் கடையில் அடங்கி இருந்துவிட்டு, வீட்டு வாசலில் பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைக்கிறார்கள். அதே வருடம் செப்டம்பரில் புகைமூட்டத்துக்குப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அங்கே காடு எரிந்த புகை என்று அப்போது சுமத்ராவைத் திட்டினோம், இன்று சாயங்காலம் வீட்டுப் பின்னால் குப்பைக்கு நெருப்பு வைக்கிறோம். மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகை எங்கிருந்து வந்தது என்ற கணக்கெல்லாம் தெரியாது.

தோட்டத்தில் இருந்த அம்மா, அத்தை, பாட்டி யாராவது மாதக்கணக்கில் சளியோடு இருமினால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்கள். புகைக் கொட்டகையா, ரப்பர் பாலில் அமோனியா ஊற்றும் இடமா, செம்பனைக்கு மருந்து அடித்தார்களா, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். ஊதும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குத் திரும்பவும் கிளினிக். மருந்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மலாயில் எழுதி ஒட்டிவிட்டேன்: ரப்பர் புகைக் கொட்டகை, 22 வருடம். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எழுதலாமாடா?” என்று கேட்டார்.