ஸ்புட்னிக் எங்கள் தலைக்கு மேலாலும்தான் போனது

பேசாமல் விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி என் மாமியாரின் வட்ஸ்அப்புக்கும் போய், அவர் என்னைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, உங்கட போனுக்கு ஏதும் வருத்தமாமே?" என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூல் வெளியீட்டில் நடந்தது பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், பெரிதாக ஒன்றுமில்லை. என் போன் அடித்தது. பீப், பீப் என்று அடித்தது. பேசிக்கொண்டிருந்த ஐயா நிறுத்திவிட்டு, "யாரோ ஐசியு மெஷினைக் கழட்டிக்கொண்டு வந்திட்டாங்க போல" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், சபை அல்லவா. ஆனால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, "மட்டக்களப்புக்கு நாசாவில் இருந்து கோல்" என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே "ஊரில வடிகானுக்கு மூடி இல்ல, இவருக்கு விண்வெளி கேக்குது" என்று எழுதிக் கும்மாளம் அடித்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், என் ரிங்டோனாக அடித்த அந்தச் சத்தம் நாசாவுடையது இல்லை. சோவியத் ஒன்றியம் 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி அனுப்பிய ஸ்புட்னிக் 1உடையது. மனிதன் பூமியைச் சுற்றவிட்ட முதல் செயற்கைக்கோள். நக்கல் அடிக்கும்போதாவது நாட்டைச் சரியாகப் பிடியுங்கள்.

58 சென்ரிமீற்றர் விட்டம், 83.6 கிலோ எடை, நாலு அன்ரனா. அது செய்த வேலை அந்தச் சத்தத்தை அனுப்பியதுதான். 20.005, 40.002 மெகாஹேர்ட்ஸ். பொழுதுபோக்காக ரேடியோப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்த யாரும் எங்கிருந்தும் பிடிக்கக்கூடிய அலைவரிசைகள் அவை. உலகம் கேட்கட்டும் என்றே அனுப்பினார்கள். ஏறத்தாழ 96 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பற்றரி இறங்கும்வரை மூன்று வாரம் ஓயாமல் அடித்தது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 65 பாகை சாய்வு, அப்படியென்றால் இலங்கை முழுவதும் அதற்குக் கீழேதான் கிடந்தது. கல்லடிப் பாலத்தடியில் வலை போட்டுக்கொண்டிருந்தவரின் தலைக்கு மேலாலும் அது போயிருக்கிறது. இது மாஸ்கோக்காரனுக்கு மட்டும், மட்டக்களப்பான் காதைப் பொத்திக்கொள் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறீர்கள்.

எங்கள் அம்மப்பாவிடம் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. 1969இல் அப்பலோ 11 சந்திரனில் இறங்கியபோது எங்கள் நேரப்படி ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ரோங் காலை வைத்தது அன்று காலை 8.26க்கு. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான், ஆகவே அயலட்டை முழுக்க அவர் வீட்டு வாசலில் வந்து இருந்து கேட்டிருக்கிறது. பாதி கரகரப்பு, மீதி இங்கிலீசு. அம்மம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அவங்க அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யிறாங்களாம்?" என்று மட்டும் கேட்டாராம். அம்மப்பாவுக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது பேச்சுக்கு இடையில் வந்த 'பீப்'தான். பேரப்பிள்ளைகளான எங்களுடன் பேசும்போதும் வசனத்தின் கடைசியில் அதைச் சேர்த்துவிடுவார். "கைகால் கழுவிப்போட்டு வந்து படி, பீப்."

அந்தப் பீப்புக்குக் குவிண்டார் ரோன் என்று பெயர். விண்வெளி வீரர் போட்ட சத்தமும் இல்லை, சந்திரனில் இருந்து வந்ததும் இல்லை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர் பேசத் தொடங்கும்போது 2525 ஹேர்ட்ஸில் ஒன்று, பேசி முடிக்கும்போது 2475 ஹேர்ட்ஸில் ஒன்று, ஒவ்வொன்றும் கால் செக்கன். எங்கேயோ தூரத்தில் உள்ள தரை நிலையத்தின் ஒலிபரப்பியைத் தொலைபேசிக் கம்பி வழியாகவே திறக்கவும் மூடவும் செய்த ஏற்பாடு. தொலைபேசிக் கம்பிக்கென்றே பிறந்த சத்தம் ஐயா அது! அதைப் போனில் வைத்தால் பைத்தியமாம். என் மெசேஜ் ரோன் அதுதான், இனியும் அதுதான். அம்மப்பாவின் ரேடியோ 1978 சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது இந்தச் சத்தம் மட்டும்தான்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். மண்டபத்தில் போனைச் சைலன்ட்டில் போட வேண்டாமா? போடத்தான் வேண்டும். அதே மாலை முன்வரிசையில் ஒரு பெரியவரின் போனில் குத்துப்பாட்டு ஒன்று பல்லவி முடியுமட்டும் ஓடியதே, அதற்கு ஏன் வீடியோ இல்லை? அவர் பெரியவர். அவ்வளவுதான் விசயம்.

ஸ்புட்னிக்கைத் தூக்கிய ஆர்-7 ரொக்கெட் அணுகுண்டு வீசச் செய்த ஏவுகணைதானே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஓம், தெரியும். அடுத்தது.

"படம் காட்டுகிறார்" என்கிறார்கள். சினிமாப் பாட்டு வைத்தால் ரசனை, சுப்ரபாதம் வைத்தால் பக்தி, நான் ஸ்புட்னிக் வைத்தால் மட்டும் படம். நாசாவே தன்னிடம் இருக்கும் ஒலிகளை ரிங்டோனாக வெட்டி இணையத்தில் இலவசமாகப் போட்டது. அப்பலோ 13இல் இருந்து "ஹூஸ்டன், ஒரு சிக்கல்" என்று சொன்ன குரலும் அதில் உண்டு. என் மச்சான், தவணை கேட்டு லீசிங்காரர் எடுத்தால் மட்டும் அது அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறான். சாகப்போன மனிசரின் குரலை விளையாட்டாக்கலாமா என்று அதற்கும் ஒருவர் வந்தார். ஒட்சிசன் தாங்கி வெடித்தும், மூன்று பேரும் 1970 ஏப்ரல் 17இல் உயிரோடு வந்து கடலில் இறங்கினார்கள். அதனால்தான் சிரிக்க முடிகிறது. 1986இல் சலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பி 73 செக்கனில் ஏழு பேரோடு சிதறியது. அந்தக் குரல்களை யாராவது ரிங்டோனாக வைத்தால் முதலில் சண்டைக்கு வருவது நான்தான். எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும்.

இன்னொருவர், "மட்டக்களப்பான் என்றால் பாடுமீன் சத்தத்தை வை" என்று ஊர்ப்பற்றுக் காட்டினார். தம்பி, எங்கள் வாவி மீன் பாடுவதைக் கேட்க, நிலவு நேரம் தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு அதன் நுனியில் காதை வைத்துப் பார்த்திருக்கிறீரா? நான் பார்த்திருக்கிறேன். ஊரைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

இந்த ஊரில் வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்தோம் என்று என் வயதுக்காரரைக் கேளுங்கள். ஹெலி வருகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடியவர்கள் நாங்கள். அப்படி வளர்ந்த ஒருவன், யாரையும் கொல்லாமல் வானத்தில் இருந்து வந்த ஒரு சத்தத்தைத் தேடி எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டால் அது உங்களுக்குச் சிரிப்பு.

தமிழனுக்கு எதற்கு இது என்று கேட்டவருக்கும் ஒன்று. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் போன தங்க ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. சிங்களம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. தமிழ் இல்லை. வொயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் எங்கள் மொழி இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பதிவு போட்டீர்களா? போடமாட்டீர்கள். ஒருவன் போன் அடித்தால்தான் உங்களுக்குத் தமிழ் ஞாபகம் வரும். வடிகான் மூடியும் அப்போதுதான் ஞாபகம் வரும்.

இன்பொக்ஸில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கு இன்றிரவு அனுப்புகிறேன். ஐபோன்காரர் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு வேறு மாதிரிக் கோப்பு வேண்டும். நக்கலுக்கு வருபவர்களை புளொக் பண்ணுவேன், சொந்தக்காரராக இருந்தாலும்.