தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது
சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை சுமார் 15,300 கிலோமீட்டர், மணிக்கு 900 என்று வைத்தால் 17 மணி நேரம் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான், ஆனால் வானத்தில் காற்று என்று ஒன்று இருக்கிறதே! அந்த 15,300 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம், விமானம் அப்படியே போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றி, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், வழி நீண்டாலும் நேரம் மிச்சம். நான் போனபோது ஜப்பானைத் தாண்டியதும் எதிரே இருந்த திரையில் தரைவேகம் (தரையை வைத்துக் கணக்கிடும் வேகம்) மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தொட்டது, தூக்கத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்புறம், இந்த வழியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர ரக) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைதான், எகானமி வகுப்பே கிடையாது, மலிவு டிக்கெட் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கோடையில் நியூயார்க் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருப்பதால் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு ராத்திரி 2 மணிக்குப் பசிக்கும், பையில் கொஞ்சம் முறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.