வரைந்தவரின் பெயர் எங்கே?

2008ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இங்கே கனடாவில் நடந்த ஒரு விசயம் இன்றைக்கும் எனக்குள் கிடந்து அறுக்கிறது. கவர்னர் ஜெனரல் விருது என்று நாங்கள் சொல்கிற ஆளுநர் நாயகம் இலக்கிய விருதின் இறுதிப் பட்டியல் வந்தது. சிறுவர் இலக்கியப் பிரிவில் ‘ஸ்கிம்’ என்ற கிராஃபிக் நாவல், அதாவது கொமிக்ஸ் வடிவில் சொல்லப்படுகிற நாவல், இருந்தது. 1993இல் ரொறன்ரோவின் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற, தன் உடம்போடும் மனதோடும் தனியாக மல்லுக்கட்டுகிற ஒரு பிள்ளையின் கதை. எழுதியவர் மரிக்கோ தமாக்கி. வரைந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி ஜிலியன் தமாக்கி. அட்டையில் இரண்டு பெயரும் இருக்கிறது. பட்டியலில் இருந்தது மரிக்கோவின் பெயர் மட்டும்தான்.

காரணம் எளிமையானது. அது ‘எழுத்து’க்கான பிரிவு. படம் வரைந்தவர் எழுத்தாளர் இல்லை என்பது கணக்கு.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பிழை என்று விளங்கும். நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கங்கள். மரங்கள், கொப்புகள், நிழல். அதற்குள் மிகச் சின்னதாக இரண்டு ஆட்கள். அந்தப் பிள்ளையும் அவளுடைய ஆசிரியையும். என்ன நடக்கிறது என்பது பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. முழுக்கதையும் அந்த இடத்தில்தான் திரும்புகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அதை நோக்கி வருகிறது, பின்னால் வருவதெல்லாம் அதிலிருந்து விழுகிறது. அந்தப் பக்கத்தை எழுதியது யார்? தூரிகையால் எழுதிய ஜிலியன்தான் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியாது.

செஸ்டர் பிரவுனும் சேத்தும் அப்போது ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். இரண்டு பேருமே இந்த நாட்டின் முன்வரிசை கொமிக்ஸ் கலைஞர்கள். கொமிக்ஸில் சொல்லையும் படத்தையும் பிரித்து எடுக்க முடியாது, இரண்டும் சேர்ந்ததுதான் அதன் எழுத்து, ஆகவே ஜிலியனின் பெயரையும் சேருங்கள் என்று கேட்டார்கள். ஆர்ட் ஸ்பீகல்மன், லிண்டா பாரி, கிறிஸ் வேர் போன்ற அமெரிக்கக் கொமிக்ஸ் கலைஞர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியல் மாறவில்லை.

அடுத்த வருடம், 2009இல், கனடியக் கொமிக்ஸுக்கான டக் ரைட் விருதுகளில் சிறந்த புத்தகமாக ‘ஸ்கிம்’ தெரிவானது. மரிக்கோவுக்கும் ஜிலியனுக்கும் சேர்த்துத்தான்.

நான் இன்றைக்குப் பேச வந்தது இந்தச் சின்ன விருதுகளைப் பற்றித்தான். எங்கள் ஆட்களில் பல பேருக்கு இப்படி விருதுகள் இருப்பதே தெரியாது. ‘கனடியன் கொமிக்ஸ் என்று ஒன்று இருக்குதா?’ என்று போன கிழமை ஒரு நண்பர் உண்மையாகவே கேட்டார். அவரில் பிழை இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பது அமெரிக்கா. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுக் குரல் எங்களுக்கே கேட்பதில்லை. அதனால்தான் இங்கே ஒரு விருது வெறும் கைதட்டலாக மட்டும் இருக்க முடியாது. இது இங்கே பிறந்த வேலை, இதைச் செய்தவர் இன்னார் என்று உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் வருகிற கனடியக் கொமிக்ஸுக்கு முக்கியமாக இரண்டு விருதுகள். ஒன்று டக் ரைட், மற்றது ஜோ ஷஸ்டர். இரண்டுமே 2004இல் தொடங்கி, 2005இல் முதல் தடவையாக வழங்கப்பட்டன. பிரெஞ்சுக்கு மொன்றியலில் பெடெலிஸ் பரிசுகள் தனியாக இருக்கின்றன. கியூபெக்கில் சித்திரக்கதைக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு, அந்தக் கதை வேறு. எனக்கு ஆச்சரியமாக இருப்பது இந்த இரண்டு ஆங்கில விருதுகளும் எடுத்துக்கொண்ட இரண்டு பெயர்கள். ஒருவர் இந்த நாட்டை விட்டுப் போனவர், மற்றவர் இந்த நாட்டுக்கு வந்தவர்.

போனவர் ஜோ ஷஸ்டர். 1914இல் ரொறன்ரோவில் பிறந்தார். சிறுவனாக இந்த நகரத்துத் தெருவில் பேப்பர் விற்றார். பத்து வயதளவில் குடும்பம் கிளீவ்லாந்துக்குப் போய்விட்டது. அங்கே ஜெரி சீகல் என்ற நண்பனோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கினார். ஆரம்பக் கதைகளில் கிளார்க் கென்ட் வேலை செய்கிற பத்திரிகையின் பெயர் டெய்லி ஸ்டார். ஷஸ்டர் தெருவில் விற்ற ரொறன்ரோ டெய்லி ஸ்டாரின் பெயர்தான் அது. 1938இல் 130 டொலருக்கு அந்தக் கதையும் அதன் உரிமையும் கைமாறியது. பிறகு வழக்குப் போட்டார்கள். அதோடு கதைகளிலிருந்து இருவர் பெயரும் காணாமல் போனது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து குதித்தார்கள். அந்தச் சால்வையை முதலில் வரைந்த மனிதன் கண்பார்வை மங்கி, வறுமையில் கிடந்தார். 1975இல், கலைஞர்கள் பலர் சேர்ந்து குரல் கொடுத்த பிறகு, வருடம் 20,000 டொலர் உதவித்தொகையும், ‘உருவாக்கியவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர்’ என்ற ஒரு வரியும் கிடைத்தன. அந்த ஒரு வரி திரும்பி வருவதற்கு எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பெயரில் விருது வைத்தது சரியான முடிவு. அந்த விருதில் எழுதுபவர், வரைபவர், அட்டை வரைபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவு இருப்பதை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

வந்தவர் டக் ரைட். 1917இல் இங்கிலாந்தின் டோவரில் பிறந்தவர், 1938இல் மொன்றியலுக்கு வந்து இறங்கினார். ஆம், ஷஸ்டரின் சூப்பர்மேன் கடைக்கு வந்த அதே வருடம். 1949இல் மொன்றியல் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் ஒரு தொடர் தொடங்கினார். மொட்டைத் தலைச் சின்னப் பெடியன் ஒருவன், களைத்துப்போன தாய், பொறுமை இழக்கிற தகப்பன், புறநகர் வீடு. ‘நிப்பர்’ என்று பெயர். பிறகு ‘டக் ரைட்ஸ் ஃபமிலி’ ஆனது. 1980 வரைக்கும், முப்பது வருடத்துக்கும் மேலாக, வாரப் பத்திரிகையோடு வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் வசனம் கிடையாது. முழுக்க முழுக்கப் படம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அம்மா.

அம்மா இங்கே வந்து பல வருடமாகியும் ஆங்கிலம் வாசிக்க மாட்டா. ஒருநாள் நூலகத்திலிருந்து நிப்பர் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்து குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போய் இருக்க, அம்மா அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறா. கறுப்புக் கோடு, இடையிடையே சிவப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி, கடைசிக் கட்டத்தில் ஒரு சிரிப்பு. பிறகு மறுபடியும் மேலே போய் என்ன நடந்தது என்று ஒருக்கால் சரிபார்க்கிறா. ‘இந்தத் தேப்பன்ர முகத்தைப் பார். உங்கட அப்பா மாதிரியே’ என்றா. எழுபது வருடத்துக்கு முன்னால் மொன்றியலில் ஓர் ஆங்கிலேயர் கீறியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மனுசிக்கு யாரும் மொழிபெயர்க்காமல் போய்ச் சேர்ந்தது.

அம்மா அன்றைக்குப் புத்தகம் ‘பார்க்க’வில்லை. வாசித்தா. நான் என் கண்ணால் கண்டேன். ஒரு சொல்லும் இல்லாத தொடரை முப்பது வருடம் எழுதிய மனிதனின் பெயரால் வழங்கப்படுகிற விருது, ஜிலியனை விட்டுவிட்டு ‘ஸ்கிம்’ புத்தகத்துக்குப் பரிசு கொடுத்திருக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தைச் சந்தேகிப்பது இந்த நாட்டில் சட்டமாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 டிசம்பரில், அந்நியச் செலாவணியைச் சேமிக்க அமெரிக்கக் கொமிக்ஸ் இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் இங்கே சொந்தமாக ஒரு தொழிலே முளைத்தது. அட்டை மட்டும் வண்ணத்தில், உள்ளே கறுப்பு வெள்ளை. ஏட்ரியன் டிங்கிளின் நெல்வானா என்ற வடதுருவ நாயகி 1941 ஓகஸ்டிலேயே வந்துவிட்டாள், வொண்டர் வுமனுக்குச் சில மாதம் முந்தி. போர் முடிந்து அமெரிக்கப் புத்தகங்கள் திரும்பி வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. 1949இல் குற்றக் கொமிக்ஸைத் தடைசெய்து குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் வரையறையைக் கவனியுங்கள்: குற்றம் நடப்பதைப் ‘படமாக’க் காட்டுவதுதான் தவறு. அதே கொலையை, அதே கொள்ளையைச் சொற்களால் முந்நூறு பக்கம் எழுதினால் அந்தப் பிரிவு அதைத் தொடாது. அந்த வாசகம் 2018இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. அதாவது டக் ரைட் விருது பதின்மூன்று வருடம் கொடுக்கப்பட்ட பிறகும் அந்தச் சட்டம் இருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் இந்த விருதுக்காரர்கள் செய்த வேலையைப் பாருங்கள். டக் ரைட் விருதில் வளரும் கலைஞருக்கு ஒரு பரிசு உண்டு. 2005இல் அதை வாங்கியவர் பிரையன் லீ ஓமேலி, ஸ்காட் பில்கிரிம் முதல் தொகுதிக்கு. அது படமாகி உலகம் சுற்றியது பிறகு. 2008இல் ஜெஃப் லெமீர். 2009இல் கேட் பீட்டன், வரலாற்றைப் பற்றி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கொமிக்ஸுக்கு. அந்த நேரம் அவரைப் பெரிய இலக்கிய மேடை எதுவும் கண்டுகொள்ளவில்லை. கேப் பிரெட்டனிலிருந்து படிப்புக் கடனை அடைக்க அல்பேர்ட்டா எண்ணெய் மணல் வயல்களுக்கு வேலைக்குப் போன அனுபவத்தை அவர் ‘டக்ஸ்’ என்று 2022இல் பெரிய புத்தகமாக்கினார். 2023இல், சிபிசி வானொலி தொலைக்காட்சி நிறுவனம் வருடாவருடம் புத்தகங்களுக்கு நடத்துகிற கனடா ரீட்ஸ் போட்டியில் அது வென்றது. கிராஃபிக் புத்தகம் ஒன்று அதில் வென்றது அதுதான் முதல் தடவை. 2011இல் லெமீரின் ‘எசெக்ஸ் கவுண்டி’ அதே மேடையில் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டது நினைவிருக்கலாம். இது நாவலா, இதை எப்படி மற்றப் புத்தகங்களோடு ஒப்பிடுவது என்ற கேள்விதான் அன்றைக்கும் அதன் தலையில் விழுந்தது. பெரிய மேடைக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. சின்ன மேடை முன்பே அறிந்திருந்தது.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். டக் ரைட் விருதோடு ‘வடக்கின் பெருந்தகைகள்’ என்ற பொருளில் ஒரு கனடியக் கார்ட்டூனிஸ்டுகள் மதிப்பு மன்றம் இருக்கிறது. அதன் ஆரம்ப வருடப் பட்டியல்களில் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். அந்தக் காலப் பத்திரிகைகள் யாரை வேலைக்கு எடுத்தனவோ அவர்கள்தானே என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் போதாது. தேடினால் வேறு பெயர்களும் அகப்படும், தேடுவதுதான் இவர்களுடைய வேலை. மேற்குக் கரைப் பழங்குடிகளான ஹைடா மக்களின் மரபுக் கோடுகளை மங்கா என்கிற ஜப்பானியக் கொமிக்ஸோடு சேர்த்து ‘ரெட்’ என்ற புத்தகத்தைத் தந்த மைக்கேல் நிக்கோல் யாகுலானாஸ் போன்றவர்களை மையத்தில் வைத்துப் பேசாமல் கனடியக் கொமிக்ஸ் வரலாறு முழுமையாகாது.

ஆனால் என் பெரிய மனக்குறை அரசின் விருதோடுதான். 2014இல் தமாக்கி சகோதரிகளின் ‘திஸ் ஒன் சம்மர்’ வந்தது. இந்த முறை இரண்டு பேரின் பெயரும் பட்டியலில் இருந்தது, ஆனால் இரண்டு வேறு பெட்டிகளில். மரிக்கோ ‘எழுத்து’ப் பிரிவில் இறுதிச் சுற்றோடு நின்றார். ஜிலியன் ‘ஓவிய’ப் பிரிவில் வென்றார். 25,000 டொலர் அவருக்கு. ஒரே புத்தகம்! ஒரு கை வென்றது, மற்றக் கை வெல்லவில்லை. அந்தப் புத்தகத்தில் ஏரிக்கரையில் இரண்டு பிள்ளைகள் சும்மா நடந்து போகிற ஒரு பக்கத்தை எடுத்து, இதில் எழுத்து எது, ஓவியம் எது என்று எனக்கு யாராவது பிரித்துக் காட்டட்டும். 2008இல் ஒருவர் பெயரை விட்டார்கள், 2014இல் புத்தகத்தையே நடுவால் பிளந்தார்கள். கொமிக்ஸுக்கு அங்கே இன்றைக்கும் தனிப் பிரிவு இல்லை. வேண்டும். பரிசு புத்தகத்துக்கு, செய்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. டக் ரைட் விருது எப்படிச் செய்கிறதோ அப்படி.

எனக்கு இது ஏன் இவ்வளவு நோகிறது என்று யோசித்தேன். சின்ன வயதில் சிவகாசியிலிருந்து வந்த முத்து கொமிக்ஸ் கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து எங்கள் ஒழுங்கைக்கு வரும். இரும்புக்கை மாயாவியை நான் வாசித்த அளவுக்குப் பாடப்புத்தகம் வாசித்திருக்கமாட்டேன். அந்த இரும்புக்கையை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பது எனக்குத் தெரிய வந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. அவ்வளவு காலமும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் ஸ்கார்பரோ வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதத்துக்கு ‘ஸ்கிம்’ எடுத்திருக்கிறோம். நூலகத்தில் பிரதிகள் இருக்கின்றன, இப்போதே பதிந்து வையுங்கள். அறிவித்தல் நான்தான் செய்கிறேன். மரிக்கோ தமாக்கி, ஜிலியன் தமாக்கி. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரியில். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா.