எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி தவறு

"எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் ஏஆர்டி மாத்திரை எடுத்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடிக் குழந்தை பாதிக்கப்படும், அதை நிறுத்திவிட்டு வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாலே போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் கட்டுக்கதை இல்லை. செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடல் சமாளிக்கும் அளவைத் தாண்டுவதுதான் அது. கர்ப்பத்தில் இயல்பாகவே கொஞ்சம் கூடும். எச்ஐவி வைரஸும் அதைக் கூட்டும். சில மருந்துகளுக்கும் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. சரி, அதற்காக மாத்திரையை விட்டால்? சில வாரங்களிலேயே ரத்தத்தில் வைரஸ் மறுபடி பெருகிவிடும். சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாக 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். முறையாகச் சிகிச்சை எடுத்தால் இது 5-க்கும் கீழே போய்விடும்.

அப்புறம் வைட்டமின். தான்சானியாவில் நடந்த ஆய்வொன்றில், வைட்டமின் ஏ எடுத்த தாய்மார்களிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவது குறையவில்லை, கூடியது! 2002-இல் வெளிவந்த முடிவு இது. வைட்டமின் எதுவும் ஏஆர்டிக்கு மாற்று ஆகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் கர்ப்பிணிகளுக்கான எச்ஐவி சிகிச்சை வழிகாட்டுதலை யாரும் பார்க்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.